கன்னத்து ஆணி

சோபாக்காரர் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். பேசாமல் இருந்தால் வாயில் ஆணி இருக்கிறது என்று பொருள். பழைய சோபாக்களுக்குப் புதுத் துணி மாட்டுகிறவர். சிற்றாணிகளைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார். நாக்கு ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளும், சுத்தியலின் காந்த முனை கவ்விக்கொள்ளும், ஒரே தட்டு. குனிந்து குனிந்தே முதுகெலும்பில் ஒரு டிஸ்க் பிதுங்கியிருக்கலாம், எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டுத்தான் ஆபரேஷனா இல்லையா என்று சொல்வேன் என்றார் டாக்டர்.

ஸ்கேன் அறை வாசலில் அங்கி மாட்டி நின்றார். சட்டை, பெல்ட், சாவி எல்லாம் மனைவியின் மடியில்.

“உடம்புக்குள்ள பேஸ்மேக்கர், பிளேட் ஏதாவது இருக்கா சார்?” என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண்.

“ம்ஹூம்.”

“கண்ணுல இரும்புத்தூள் பட்டிருக்கா?”

“ம்ஹூம்.”

“பயமா இருக்கா?”

“ம்ஹூம்.”

“சமர்த்து. உள்ளயும் இப்படியே இருக்கணும்.”

கதவில் கை வைத்தாள். மனைவி எழுந்தார். சாவி தரையில் விழுந்தது.

“நில்லும்மா. பயம் வந்தா ஊரைக் கூட்டுற மனுஷன் இவரு.” உள்ளங்கையைக் கணவரின் மோவாய்க்குக் கீழே நீட்டினார். “துப்புங்க.”

“ம்ஹூம்.”

“துப்புங்கங்கறேன்!”

ஈரத்தோடு மூன்று ஆணிகள் விழுந்தன.

பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ சார்! உள்ள இருக்கிறது அவ்வளவும் காந்தம். கன்னத்தைப் பொத்துக்கிட்டுப் போயிருக்கும்!”

அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அறையளவு சுத்தியல் ஒன்று காத்திருந்தது. கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

“சட்டையைக் கழட்டும்போது கை தானா பைக்குள்ள போயிடுச்சும்மா. அது வாயில இருந்தா ஒரு தைரியம்.”

டார்ச் அடித்துப் பார்த்தாள். நாக்குக்கு அடியில் இன்னொன்று.

“இது என்ன சார்?”

“கையிருப்பு.”

வாய் காலியானதும் பேச்சு வந்துவிட்டது. குழாய்க்குள் படுத்தபடி, மெத்தைக்குப் பஞ்சு போதாது என்றார். பேசினால் உடம்பு ஆடுகிறது, படம் கலங்குகிறது என்று இரண்டு தடவை நிறுத்தினாள் பெண். கடைசியில் மனைவி கொண்டை ஊசிகளை எல்லாம் கழற்றிவைத்து, தன்னிடம் இரும்பு இல்லை என்று சோதிக்கவிட்டு உள்ளே போய்க் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். கணவர் பேச வாயைத் திறந்தபோதெல்லாம் கிள்ளினார். படம் தெளிவாக வந்தது.

ஆபரேஷன் வேண்டாம், குனியாமல் இருந்தால் போதும் என்றார் டாக்டர்.

தெருவில் இறங்கியதிலிருந்து டாக்டரைப் பற்றி, குழாயைப் பற்றி, டாக்டர் அறை நாற்காலியின் மட்டமான தையலைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். முனை திரும்பியதும் மனைவி நின்றார். கைப்பையைத் துழாவி உள்ளங்கையை நீட்டினார்.

“இந்தாங்க. போட்டுக்குங்க.”