நோன்பு மாதத்து உளுந்து

மலேசியாவின் கிள்ளானில் அப்துல் ரஹீமின் நாக்குக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. தானியத் தரகர். மூட்டையில் குத்தூசியைச் செருகி நாலு மணி உளுந்தை எடுப்பார், வாயில் போட்டு மெல்லுவார். புதுசு என்றால் நாக்கில் வழுவழுப்புத் தட்டும். பழசு என்றால் மண்ணைத் தின்ற மாதிரி இருக்கும். அவர் "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வாங்குகிறவர் மறுபேச்சுப் பேசமாட்டார். விற்கிறவர் லோரியில் ஏற்றிவிடுவார்.

அப்படிச் சொன்ன ஒரு "சரி" கோர்ட்டுக்குப் போய்விட்டது.

மொத்த வியாபாரி கன்னையா விற்ற உளுந்தில் மாவு பொங்கவே இல்லையாம். செலாயாங்கில் தோசை மாவு பாக்கெட் போடும் கம்பெனி ஒன்று, பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று கோலாலம்பூரில் வழக்குப் போட்டது. கன்னையாவுக்கு இருந்த ஒரே பிடி ரஹீம்தான். மென்று பார்த்தேன், நல்ல சரக்கு என்று அவர் சாட்சி சொன்னால் கன்னையாவின் பெயரும் கடையும் பிழைக்கும். வருஷா வருஷம் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்கு ஒரு மூட்டை பாசிப்பருப்பைக் கேட்காமலே அனுப்புகிற மனிதர் கன்னையா. ரஹீம் சொல்லாமல் இருப்பாரா என்ன?

கம்பெனி வக்கீல் பேச்சை அதிகம் வளர்க்கவில்லை. சரக்குப் பார்த்தது நோன்பு மாதம், அதுவும் பட்டப்பகல்; அப்போது மென்றீர்களா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றால் கன்னையா தப்பிப்பார். ஆனால் ரஹீம் சத்தியம் செய்துவிட்டல்லவா நிற்கிறார்!

"மெல்லலைங்க," என்றார்.

சரக்குப் பார்த்த அன்று குத்தூசியை எடுத்தவரைத் தடுத்ததே கன்னையாதான். நோன்போடு எதற்கு, நான் பார்த்துவிட்டேன், புதுசுதான் என்றார். ரஹீமும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். அது பாசமா, பித்தலாட்டமா? இந்த எண்ணம் ரஹீமை உட்கார விடவில்லை, தூங்க விடவில்லை. கன்னையா தோற்றுப்போன அன்று, கோர்ட்டுப் படியிறங்கும்போது வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"அண்ணே, அன்னைக்கு என்னை ஏன் மெல்ல வேணாம்னீங்க?"

கன்னையாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ நோன்புல இருந்தே லா, வேற எதுக்கு? நான் மென்னுதான் பாத்தேன். உன் நாக்கு எனக்கு வருமா?" என்றார். பிறகு, "கோர்ட்டுக்குள்ள நீ உண்மையச் சொன்னே, அதுக்கு நான் வருத்தப்படல. இப்ப கேட்டே பாரு, இதத்தான் தாங்க முடியல ரஹீம்."

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. நஷ்டஈடு கட்டக் கன்னையாவின் கடையே போய்விட்டது. ரஹீமையும் யாரும் சரக்குப் பார்க்கக் கூப்பிடுவதில்லை. மெல்லாமலே சரி சொல்கிற ஆள் என்று பெயராகிவிட்டது, பாவம்.

இந்த வருஷம் முதல் நோன்பன்று பள்ளிவாசலில் ஒரு மூட்டை பாசிப்பருப்பு வந்து இறங்கியது. அனுப்பியவர் கன்னையா. கடையை இழந்த மனிதர், யார் கடையிலோ கைக்காசு கொடுத்து வாங்கி அனுப்பியிருந்தார். நோன்பு திறக்கக் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தார்கள். ரஹீமும் ஒரு வாய் வைத்தார். அடுத்த வாய் எடுக்காமல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.