பிள்ளையை அரிந்த கதைக்குப் பயன் சொன்னது

எங்கள் கோயிலில் புராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டை இழுத்து வாசிப்பார், இன்னொருவர் பொருள் சொல்வார். அதைப் பயன் சொல்வது என்போம். தொண்டைமானாற்றுப் பக்கம் அதற்கு ஆட்கள் குறைந்துபோனதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் பருத்தித்துறையில் விலங்கியல் படிப்பிக்கிறவன். தவளையை வெட்டிக் காட்டத் தயங்கமாட்டேன். ஆனால் சித்திரையில் வரும் ஒரு நாயனாரின் குருபூசை என்றால் எங்காவது ஒளிந்துகொள்ளத் தோன்றும்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். அடியார் வேடத்தில் வந்த சிவன் பிள்ளைக்கறி கேட்கிறார். தாய் மகனை மடியில் வைத்துக் கையையும் காலையும் பிடிக்க, தகப்பன் தலையை அரிகிறார். கறி சமைத்து இலை போட்டபின், உங்கள் மகன் வந்தால்தான் சாப்பிடுவேன் என்கிறார் விருந்தாளி. வாசலில் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருவதுபோல ஓடி வருகிறது.

இதை உள்ளபடி சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளை என்பது பற்று, வாள் என்பது ஞானம் என்று சுற்றிவளைத்துத் தப்பிவிடுவேன். பாட்டு வாசிக்கும் அண்ணைக்கு இது பிடிக்காது. இந்த முறை தொடங்க முன்னமே பிடித்துக்கொண்டார்.

“உம்மடை தத்துவத்தை வகுப்பிலை வைச்சிரும். பாட்டிலை கிடக்கிறதைச் சொல்லும்.”

“கடவுள் பிள்ளையை வெட்டச் சொன்னவர் எண்டு சின்னப்பிள்ளையளுக்கு முன்னாலை என்னெண்டு சொல்லிறது, அண்ணை?”

“சொன்னவர்தானே. தாயும் தகப்பனும் குடுத்தவைதானே. குடுத்தது பொய்யெண்டால் பிறகென்னத்துக்குக் குருபூசை?”

அவரோடு வாய் கொடுத்து நான் வென்றதில்லை. உண்மையில் எனக்குச் சின்னப்பிள்ளைகளைப் பற்றிய கவலையும் இல்லை, அவர்கள் போனில் இதைவிட மோசமானதெல்லாம் பார்க்கிறார்கள். முன்வரிசையில், எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கும் அக்கா இருந்தார். போர் முடிந்த கிழமை, விசாரித்துவிட்டு விடுவோம் என்று இராணுவம் சொன்னதை நம்பி, மகனைத் தன் கையாலேயே கூட்டிக்கொண்டுபோய் ஒப்படைத்தவர். அவன் இன்னும் வரவில்லை. அவர் இந்தக் குருபூசைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. பிள்ளையைப் பிடித்துக் கொடுத்த தாயைப் பற்றி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிப் பேசுவது?

அண்ணை அந்தப் பாட்டை வாசித்து முடித்தார். நான் வழக்கம்போலப் பற்று, ஞானம் என்று தொடங்கினேன். நன்றாகவே சொன்னதாகத்தான் நினைத்தேன்.

அக்கா கையை உயர்த்தினார். புராணப் படிப்பில் யாரும் அப்படி நடுவில் கேட்பதில்லை.

“தம்பி, அப்ப உண்மையிலை வெட்டேல்லையோ?”

“அது ஒரு கருத்து அக்கா. அப்பிடியே எடுக்கக்கூடாது.”

“அப்ப அந்தப் பிள்ளை ஓடி வந்தது? அதுவும் கருத்துத்தானோ?”

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் பட்டது. அக்காவை நோகாமல் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, அவரிடம் மிஞ்சியிருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

“இல்லை அக்கா. பிள்ளை வந்தது.”

“அப்ப வெட்டினதையும் வெட்டினதாவே சொல்லுங்கோ. அதைப் பொய்யாக்கிப்போட்டு இதை மட்டும் நான் எப்பிடி நம்பிறது?”

அண்ணை அதே பாட்டைத் திரும்ப வாசித்தார். நான் உள்ளதை உள்ளபடி சொல்லத் தொடங்கினேன். மடியில் வைத்துக் காலைப் பிடித்தவள் தாய் என்ற இடத்தில் என் குரல் தானாக இறங்கிவிட்டது.

“கேக்கேல்லை தம்பி,” என்றார் அக்கா. “பலத்துச் சொல்லுங்கோ.”