வயர் எட்டும் தூரம்

எங்கள் ரப்பர் தோட்டத்திலேயே முதன்முதலாக மரம் அறுக்கும் மெஷின் வாங்கிய குடும்பம் எங்களுடையதுதான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் தலை சற்று நிமிரத்தான் செய்கிறது.

அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தச்சராகிவிடுவார். தோட்டத்தில் வெட்டிப்போட்ட கிழட்டு மரங்களின் கட்டைகளைத் துரையிடம் கேட்டு எடுத்து வந்து பெஞ்சும் முக்காலியும் செய்வார். விற்பதற்கல்ல, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பதற்கு. யார் எதைக் கேட்டாலும் அவருக்கு ‘இல்லை’ என்ற சொல் மட்டும் வாயில் வராது. கைவாளால் அறுத்து அறுத்துத் தோள்பட்டை வீங்கிப்போனதால், சீட்டுக் காசு கைக்கு வந்ததும் மெஷின் வாங்குவதென்று தீர்மானமாயிற்று.

கொடகவெலயில் மர வியாபாரம் செய்யும் பெரியப்பா போனில் ஆலோசனை வழங்கினார். “வாங்குறதுன்னா பெட்ரோல்ல ஓடுறதா, பெருசா வாங்குடா தம்பி. அண்ணனுக்கும் ஒரு அவசரத்துக்கு ஒதவும்ல.” அம்மா ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் மெஷின் வாங்கப் பெல்மதுளை டவுனுக்குப் புறப்பட்டபோது அவளும் சேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

கடைக்கார நானா பெரிய சிவப்பு மெஷின் ஒன்றைத் தூக்கி மேசைமேல் வைத்தார். அப்பா அதைத் தடவிப் பார்த்த விதத்தில் வாங்கியே ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

“நானா, கரண்ட்ல ஓடுறது இல்லீங்களா?” என்றாள் அம்மா.

“இருக்கு தங்கச்சி, வெலயும் கொறவு. ஆனா வயர் எட்டுற தூரத்துக்குத்தான் வேலை செய்யும்.”

“அது போதுங்க. என்னைக்கோ ஒருநாள் கட்டை அறுக்க பெட்ரோலும் ஒயிலும் கலந்துக்கிட்டு இருக்க முடியுங்களா?”

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா பார்த்த பார்வையில் அதை விழுங்கிவிட்டார். நீள மஞ்சள் வயரோடு ஒரு சின்ன மெஷின் எங்களோடு பஸ் ஏறியது.

அடுத்த ஞாயிறு, வரிசை வீடுகளாய் நீண்ட எங்கள் லயமே எங்கள் வாசலில் கூடி நின்றது. கைவாளுக்கு ஒரு காலை முழுக்கப் பிடிக்கிற வேலை, தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்தது. தலையில் படிந்த மரத்தூளைத் தட்டாமல் லயம் முழுக்க நடந்து காட்டினேன். பள்ளிக்கூடத்தில் மெஷினின் அளவைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். வயரைப் பற்றி மூச்சே விடவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் பெரியப்பா லொறியோடு வந்து இறங்கினார். ஆற்றோரம் நின்ற தோட்டத்து மஹோகனி மரங்கள்மேல் அவருக்குக் கண். “ரெண்டே மரம்டா. யாருக்குத் தெரியப்போகுது?” துரைக்குத் தெரிந்திருந்தால் அப்பாவின் வேலையோடு நாங்கள் குடியிருந்த காம்பராவும் போயிருக்கும். அதெல்லாம் அப்போது என் மண்டையில் ஏறவில்லை. எங்கள் மெஷினைத் தேடி லொறியே வந்திருக்கிறதே என்று பூரித்து நின்றேன்.

அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. தலையைச் சொறிந்தார். கடைசியில், “சரிண்ணே” என்றார்.

அம்மா உள்ளே போய் மெஷினை எடுத்து வந்து பெரியப்பாவின் காலடியில் வைத்தாள். “தாராளமா எடுத்துட்டுப் போங்க” என்று வயரின் நுனியை அவர் கையில் கொடுத்தாள்.

பெரியப்பா வயரைப் பார்த்தார், தூரத்தில் ஆற்றைப் பார்த்தார். “இதுக்கு நான் மரத்த ஒங்க வாசலுக்குக் கூட்டிக்கிட்டு வரணுமா?” என்று கத்திவிட்டு, ஊற்றி வைத்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் லொறியில் ஏறினார்.

லொறி திரும்பியதும் அப்பா பெருமூச்சு விட்டுச் சிரித்தார். எனக்கோ அழுகை. கஞ்சத்தனத்தால் அம்மா எங்கள் மானத்தை வாங்கிவிட்டாள் என்று, அன்று அவள் தந்த ரொட்டியைத் தொடாமல் படுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் அவளை எண்ணித்தான் எனக்குப் பெருமை. இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதருக்குப் பதிலாக அதைச் சொல்லக்கூடிய ஒரு மெஷினைத் தேடித்தான் அவள் அன்று பெல்மதுளைக்கு வந்திருக்கிறாள்.