மூட்டை ஏறினால் ஆள் ஏறின மாதிரி

கொழும்பில் நான் விட்ட பிளேனைப் பற்றி என் சகலை பத்து விதமாகச் சொல்வார். பத்திலும் நான் டீக்கடையில்தான் நிற்பேன். என் பங்குக்கு நானும் ஒரு தரம் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் வேப்பனப்பள்ளியில் ஒரே மாந்தோப்புக்காரர் வீட்டில் பெண் எடுத்தவர்கள். நான் மூத்தவளைக் கட்டியவன். ஓசூரில் புளி வியாபாரம். அவர் இளையவளைக் கட்டியவர். பெங்களூரில் பாக்டரி வேலை, பேண்ட், இங்கிலீஷ். மாமனார் வீட்டுக்கு நான் போனால் "வாங்க மாப்பிள்ளை" என்பார்கள். அவர் போனால் பின்கட்டில் கோழி கத்தும். அந்த வீட்டில் அவருக்கு இல்லாமல் எனக்கு மட்டும் இருந்தது ஒன்றே ஒன்றுதான். கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடும்போது மூத்த மருமகன் கைதான் முதலில் படவேண்டும். அது அவர்கள் வழக்கம்.

கடைக்குட்டிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாமனாரின் அண்ணன் கொழும்பில் கடை வைத்திருந்தார். அவரை நேரில் அழைத்து வர எங்களை அனுப்பினார்கள். கப்பலில் போனோம். பெரியவருக்கு உடம்பு சரியில்லை, வர முடியவில்லை. மணப்பெண்ணுக்கு ஒரு பட்டுச் சேலை கொடுத்து, "திரும்பும்போது ஏரோப்பிளேன்ல போங்க" என்று டிக்கெட்டும் எடுத்துத் தந்தார். பந்தக்காலுக்கு இரண்டே நாள்தான் இருந்தது. பிளேனில் போனால்தான் போய்ச் சேர முடியும்.

விமான நிலையத்தில் என் டிரங்குப் பெட்டியை நிறுத்துப் பார்த்து, சீட்டு ஒட்டி, தள்ளிக்கொண்டு போனார்கள். சேலையும் அதில்தான். எனக்கு நிம்மதி வந்துவிட்டது. எங்கள் ஊர் பஸ்ஸில் மேலே மூட்டை ஏறிவிட்டால் ஆள் சந்தையையே சுற்றிவிட்டு வரலாம். கண்டக்டர் பெயர் சொல்லிக் கூவிக் கூவி, டிரைவரை இன்னொரு டீ குடிக்கச் சொல்லிக் காத்திருப்பார். நான் எதிரே இருந்த டீக்கடைக்குக் கிளம்பினேன்.

"எங்கண்ணா போறீங்க? கூப்பிடுவாங்க" என்றார் சகலை.

"மூட்டை ஏறினா ஆள் ஏறின மாதிரி, தம்பி. நம்மள உட்டுட்டுப் போயிருவானா?"

டீக்கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். பேச்சு பிடித்துக்கொண்டது. பாதி டீயில் சகலை வாசலில் நின்று கைதட்டிக் கூப்பிடுகிறார். பெங்களூர் பழக்கம், அவசரம் வந்தால் கன்னடம்தான் வரும். "அண்ணா, பேக பன்னி! பன்னி!"

டீக்கடைக்காரர் முகம் மாறிவிட்டது. "என்ன அண்ணாச்சி, அந்தாளு உங்களப் பன்னிங்கான். நீங்க சிரிச்சிக்கிட்டு நிக்கியளே?"

என்ன இருந்தாலும் என் சகலை. வெளியூரான் முன்னால் அவர் மரியாதையை விட்டுக்கொடுக்கலாமா? "அப்படியில்லீங்க. கன்னடத்துல பேகன்னா சீக்கிரம், பன்னின்னா 'வாங்க'ன்னு அர்த்தம். 'பா'ன்னா வா. மரியாதை குடுத்தா பன்னி" என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. "மரியாதைக்குப் பன்னியா!" என்று அடுத்த பெஞ்சுக்காரரைக் கூப்பிட்டார். அவருக்கும் ஒரு தரம் விளக்கினேன்.

திரும்பிப் பார்த்தால் வாசலில் சகலை இல்லை. தலைக்கு மேலே சத்தம் கேட்டது.

கல்லடிக்குத் தப்பலாம், கண்ணடிக்குத் தப்ப முடியாது என்பார்கள். நான் பார்த்த பார்வைக்கு அந்தப் பிளேன் நின்று போயிருக்கவேண்டும். அப்புறம், பெட்டியும் சேலையும் அதில்தானே போகிறது என்று நினைவு வந்து கண்ணை இறக்கிக்கொண்டேன். அடுத்த பிளேனில் இடமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். ரயிலேறித் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி, அப்புறம் மறுபடி ரயில், பஸ். வழியெல்லாம் வயிறு எரிந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். மேகத்தைக் காலுக்குக் கீழே பார்த்திருப்பார். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் இறங்குவார், பந்தக்காலில் கை வைப்பார். நாலு தரம் கூப்பிட்டாரே, ஐந்தாவது தரம் கூப்பிட்டால் வாய் வலிக்குமா? கப்பலில் ஒரு அம்மாள் எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

வேப்பனப்பள்ளியில் போய் இறங்கினேன். வாசலில் பந்தக்கால் நின்றது. மஞ்சள், குங்குமம், மாவிலை. மாவிலைக்கு மேலே ஒரு துண்டு கட்டியிருந்தது. சிவப்புக் கரை போட்ட என் துண்டு. பெட்டிக்குள் இருந்தது.

மாமனார் சிரித்துக்கொண்டே வந்தார். "சின்ன மாப்பிள்ளை மொதல்ல தொடவே மாட்டேன்னுட்டாருங்க. 'மூட்டை ஏறினா ஆள் ஏறின மாதிரி மாமா, அண்ணன் மூட்டை வந்திருச்சு. துண்டு போட்டு எடம் புடிச்சிருக்காரு, அதுல நாம உக்காரலாமா?'ன்னு உங்க துண்டக் கட்டிட்டுத்தான் கால நட்டாரு."

"எப்பேர்ப்பட்ட மனசு!" என்றாள் மாமியார். கூடியிருந்தவர்கள் எல்லாம் சகலையைத்தான் பார்த்தார்கள்.

நானும் சிரித்தேன். அவர் முதலில் கை வைத்திருந்தால் ஒரு சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன். பந்தக்காலை எனக்கு விட்டுவிட்டு, என் சொல்லை எடுத்துக்கொண்டார் மனுசன். அதைக் கேட்டு வாங்குவது எப்படி?

"வாங்கண்ணா, கப்பல் எப்படி?" என்றார் சகலை. "பிளேன் எப்படி?" என்று நான் கேட்கவில்லை. கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார்.

அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தியில் குந்தாரப்பள்ளியிலிருந்து வந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னை யாரென்று தெரியாது. "அந்த பெங்களூர் மாப்பிள்ளை ஒரு சொல்லு சொன்னாருங்க. மூட்டை ஏறினா ஆள் ஏறின மாதிரின்னு. படிச்சவங்க படிச்சவங்கதான். நீங்க கேட்டீங்களா?"

ரசத்துக்கு இலையில் அணை கட்டிக்கொண்டே, "இல்லீங்க, சொல்லுங்க கேப்போம்" என்றேன்.