பிறந்த வீட்டுக் கோடி

காலை ஆறு பத்துக்குக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. முதலில் தெரிந்தது பின்னிருக்கையில் ஒரு கறுப்புத் துணிப்பை. அதை மடியில் வைத்து இரு கைகளாலும் பிடித்திருந்தவர் கௌரி. பைக்குள் அக்காவின் அஸ்தி இருந்தது.

அக்கா பிறந்தது சிதம்பரத்தில், அம்மாவின் தாய்வீட்டில். கடலூரில் படித்து, கம்ப்யூட்டர் வேலைக்காக அமெரிக்கா சென்றார். அங்கே ஸ்ரீமுஷ்ணத்துப் பெண்ணான கௌரியைச் சந்தித்தார். 2004-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெண்ணும் பெண்ணும் மணந்துகொள்ளச் சட்டம் இடம் தந்தது. இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டனர். அக்கா அதை அம்மாவிடம் போனில் சொன்னார்.

"சமையலு யாருடி?" என்றார் அம்மா.

"ரெண்டு பேருந்தாம்மா."

"அப்ப நான் ஒங்கப்பாவக் கட்டுனதுக்கு இது தேவலடி."

கௌரியின் வீட்டார் அன்றோடு அவருடன் பேச்சை நிறுத்தினர். நான் அவரை அண்ணி என்று அழைக்கத் தொடங்கினேன்.

அந்த ஆண்டு இறுதியில் சுனாமி வந்தது. இருவரும் விடுப்பு எடுத்து வந்து கடலூர்க் கடற்கரையில் தேவனாம்பட்டினம் நிவாரண முகாமில் சமைத்தார்கள். அக்கா உப்பை மறப்பார், அண்ணி போடுவார். "பெரியக்கா கொழம்பு, சின்னக்கா உப்பு" என்று மீனவப் பெண்கள் கேலி செய்தார்கள்.

பின்னர் வேலை மாறி டெக்சாஸ் சென்றனர். அப்போது அந்த மாநிலத்தில் அவர்கள் திருமணம் செல்லாது. 2013-இல் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு அக்கா மருத்துவமனையில் காலமானார். உடலைப் பெற உறவினர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். மனைவி அருகில் நின்றிருந்தார். கையெழுத்து கடலூரிலிருந்து, தம்பியாகிய என்னிடமிருந்து போனது.

துணையை இழந்தவருக்குக் கருமாதியன்று பிறந்த வீட்டார் கோடித் துணி போட்டு, அன்றே தங்கள் வீட்டுக்கு அழைத்துச் செல்வது எங்கள் வழக்கம். அஸ்தி கரைத்த பின் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் கருமாதி நடந்தது. ஸ்ரீமுஷ்ணத்தில் அண்ணியின் வீட்டாருக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம். யாரும் வரவில்லை. கோடி விழாவிட்டால் அண்ணி அந்தப் பந்தலில் வந்துபோகும் விருந்தாளிதான்.

"புருசன் போனா பொண்டாட்டிக்குக் கோடி. இதுல யாரு புருசன், யாரு பொண்டாட்டி?" என்றார் சித்தப்பா.

சிதம்பரத்து மாமா, அம்மாவின் தம்பி, துணிக்கடைப் பையோடு எழுந்தார்.

"அந்த ஆராய்ச்சியெல்லாம் ஒனக்கு எதுக்கு மச்சான்? தொணையப் பறிகுடுத்துட்டு ஒக்காந்திருக்கு. ஜாஸ்தி பேசினா அடுத்த கோடி ஒம் பொண்டாட்டிக்குத்தான்."

பந்தல் சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தார். மாமா நீலப் புடவையைப் பிரித்தார்.

"எம்மா, இனிமே ஒனக்குப் பொறந்த வூடு சிதம்பரம். குனி."

அண்ணி குனிந்தார்.

மருத்துவமனையில் அண்ணிக்குத் துணையிருந்த பக்கத்து வீட்டாருக்கும், அஸ்தி கரைக்கப் படகு தந்த தேவனாம்பட்டினத்தாருக்கும், பந்தி முழுவதும் நின்று பரிமாறிய சித்தப்பாவுக்கும், மாமாவுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

கடைசிப் பந்தி முடிந்ததும் மாமாவும் அண்ணியும் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினார்கள்.