ஆடு முடித்துவைத்த சம்பந்தம்

தங்கையைப் பெண் பார்க்க ஆண்டிமடத்திலிருந்து வருகிறார்கள் என்றதும், பிரம்பு அறுந்த நாற்காலிக்கு நானே மெத்தை போட்டேன். யுத்தகாலத்தில் கயிறு கிடைக்கவில்லை. அதனால் என் மகா மூளை குறுக்கும் நெடுக்கும் வைக்கோல் பிரியைக் கட்டி, பஞ்சு பரப்பித் துணி அடித்தது.

மாப்பிள்ளையின் பெரியப்பா அதில் உட்கார்ந்தார். முறுக்கு மீசைக்காரர், பல்லி கத்தினாலும் சகுனம் பார்ப்பவர். பேசப் பேச ஆள் இறங்கிக்கொண்டே போனார். குனிந்து பார்த்தால், எங்கள் ஆடு அடியில் பிரியை உருவித் தின்றுகொண்டிருந்தது.

“எந்திரிங்க மாமா!” என்று பதறினேன்.

“பேச்சு முடியாம எந்திரிச்சா சம்பந்தம் முறிஞ்சிடும், தம்பி.”

முட்டி மூக்கைத் தொட்டதும் கத்தினார்: “பொண்ணு புடிச்சிருக்கு! தூக்கி வுடுங்கய்யா!”

தங்கையை நிஜமாகவே பிடித்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கல்யாணத்தன்று வந்தவர் உட்காரவே இல்லை. ஆட்டுக்கு மட்டும் ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.