சல்லி சுமந்தவளின் கல்

கடப்பாரையால் நெம்பிய சகாயத்தின் கைகள் நின்றன. மேலே படுத்திருந்த பலகைக்கல்லை ஏற்கனவே இறக்கியாயிற்று. அதைத் தாங்கிய தூண்கற்களில் ஒன்று சாய்ந்தபோது குழிக்குள்ளிருந்து மெல்லிய கலகலச் சத்தம் கேட்டது. உச்சி வெயில். காங்கேயம் ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கொஞ்சம் பொறுத்து, கைகள் மறுபடியும் நெம்பின.

சகாயம் கல் கொத்தனார். பிரித்த கல்லுக்கு அடியில் கிடந்த சில்லுகளைக்கூட அள்ளி வைத்து, மறுபடி நடும்போது அதே கல்லுக்கு அடியில்தான் போடுவார். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. புதுச் சில்லு போட்ட கல் அடுத்த மழையில் அசைந்ததைப் பார்த்து அவராகப் பிடித்துக்கொண்ட வழக்கம்.

ரோடு அகலமாகிறது, இந்தச் சுமைதாங்கியைத் தள்ளி நடவேண்டும் என்று காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் வெங்கடபதி கேட்டபோது மற்ற கொத்தனார்கள் மறுத்துவிட்டார்கள். வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளுக்காக நட்ட கல் அது. வீட்டில் கர்ப்பிணி இருப்பவன் தொடமாட்டான். சகாயத்தின் மகள் டீனா பிரசவத்துக்காகக் கணபதியில் இருக்கும் புருஷன் வீட்டிலிருந்து வந்திருந்தாள். எட்டாம் மாதம். முதல் பிள்ளை தங்கவில்லை. சர்ச்சுக்குப் போகிறவனுக்கு இதெல்லாம் என்ன என்று சகாயம் ஒத்துக்கொண்டார். என்ன வேலை என்பதை மட்டும் மகளிடம் சொல்லவில்லை.

பக்கத்துத் தோட்டத்துப் பங்காரம்மா சோளத்தட்டுக் கட்டை அந்தக் கல்லில்தான் இறக்கி இளைப்பாறுவார். தாது வருசப் பஞ்சத்தில் வெள்ளைக்காரன் இந்த ரோட்டைப் போட்டபோது கஞ்சிக்காகச் சல்லிக்கல் சுமந்த கூட்டத்தில் ஒருத்தி இருந்தாள் என்றார்.

"பேரு தெரியாதுங்க. நடக்கறப்பவே வலி வந்துருச்சாமா. சட்டிய எறக்க ஒரு கை வேணுமில்லீங்க? வரிசைய உட்டு வந்தா அன்னிக்குக் கஞ்சி இல்லீன்னு ஒருத்தரும் வரலையாமா."

செத்த பிறகு, வராத அவர்களே கல்லை நட்டார்களாம்.

குழியை ஜேசிபி நிரவிவிடும் என்று சில்லுகளைச் சாக்கில் கட்டிச் சகாயம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் கைகால் கழுவி வருவதற்குள் டீனா சாக்கைக் கிளறியிருந்தாள். கல்லுக்கு நடுவே பச்சைக் கண்ணாடித் துண்டுகள். முழுசாக ஒரே ஒரு வளையல். அது அவள் கையில் இருந்தது.

"இந்தப் பச்சை இப்பக் கடையில கிடைக்காதுங்ப்பா. ஏன் இப்பிடி முழிக்கறீங்க?"

சொல்லவேண்டி வந்தது. முதலில் சிரித்தாள். பிறகு கழற்றப் பார்த்தாள். கை வீங்கியிருந்தது. வளைகாப்பு வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அலமாரியில் வைத்தாள். பச்சை வளையல் மட்டும் எண்ணெய்க்கும் அசையவில்லை, சோப்புக்கும் அசையவில்லை. சகாயம் குறடை எடுத்தபோது கையை இழுத்துக்கொண்டாள்.

"ஒடைக்காதீங்ப்பா. செத்தவளுக்குன்னு குழியில போட்டு உட்டது."

மறுநாள் காலையில் எழுந்ததிலிருந்து டீனா ஒரு கையைத் தலைக்கு மேலே உயர்த்தியே வைத்திருந்தாள். ஏன் என்று சகாயம் கேட்டார்.

"தலைமேல என்னமோ இருக்குதுங்ப்பா. கையை எடுத்தா உழுந்துரும்."

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், பிள்ளையின் துடிப்பைப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று சகாயம் சொல்ல, கல்லுக்குப் போகலாம் என்றாள் டீனா. வழியில் வீட்டிலிருந்த சாக்கை எடுத்துக்கொண்டார்கள்.

கல்லை நடவேண்டிய இடத்துக்குச் சோளத்தட்டுக் கட்டைச் சுமந்து வந்த பங்காரம்மா அதை ஒரு பாறைமேல் தள்ளிவிட்டு, பாலிதீன் கவரை டீனாவின் வளையலுக்கு அடியில் நுழைத்தார். விரல்களை ஒன்றாகக் கூட்டிப் பிடித்து இழுத்தார். வளையல் முழுசாக வந்தது. டீனாவின் மற்றக் கை தலையை விட்டு இறங்கவில்லை.

புதுக் குழியில் வளையலை வைத்து, கண்ணாடித் துண்டுகளை அதைச் சுற்றிப் போட்டார் சகாயம். தூண்களை நிறுத்தித் தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்தார். சில்லுகளைக் கெட்டித்து இறுக்கினார், சிமென்ட் சேர்க்கவில்லை. ஆட்கள் பலகைக்கல்லை ஏற்றினார்கள். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றது. அப்படியும் கல்லைப் பிடித்த கையை அவர் எடுக்கவில்லை.

வெங்கடபதி போட்டோ எடுக்க செல்போனைத் தூக்கினார். பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, பங்காரம்மா கட்டை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு கல்லுக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஒரு கை குடு அம்மணி."

சகாயம் வாய் திறப்பதற்குள் டீனா தலையிலிருந்து கையை எடுத்து, இரண்டு கைகளாலும் கட்டைப் பிடித்தாள். கட்டு கல்லின்மேல் இறங்கியது. வளையல்கள் கலகலத்தன. டீனாவின் கைகள் வெறுமையாக இருந்தன. பங்காரம்மா வளையல் போடுகிறவர் அல்ல.

டீனா கைகளைத் தொங்கவிட்டபடி நின்றாள். மறுபடியும் தலைக்கு உயர்த்தவில்லை.

சகாயம் கல்லிலிருந்து கையை எடுத்தார். "வேலை முடிஞ்சுதுங்க, போட்டோ எடுத்துக்குங்க" என்றார் வெங்கடபதியிடம்.